தலைமடையார் காண வேண்டிய கடைமடை

வள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனுக்கு அடுத்த இடத்தை மழைக்கு அளித்த அந்த ஒழுங்கின் பொருள் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு விளக்காமலே விளங்கும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. கொழுந்து எடுப்பதும், கேகாலைப் பக்கத்து இறப்பர் மரங்களில் பால் வெட்டுவதும் அந்த மழையின் தயவில் நடப்பவையே. மழை மிகுந்தால் வேலை நிற்கிறது. குறைந்தால் கொழுந்து நிற்கிறது.

இத்தனை நீரும் எங்கே போகிறது? லயத்து வாசலில் நின்று ஒரு சிறுவன் இப்படிக் கேட்டால், "ஆத்துக்குப் போகுது, ஆறு கடலுக்குப் போகுது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை காடு, எத்தனை அருவி, எத்தனை குளம், எத்தனை யானைக்கூட்டம், எத்தனை வயல், எத்தனை கண்ணீர் அடங்கியிருக்கின்றன என்பதை நேரில் கண்டு வரலாம். அதற்கு நான்கு இரவுகளும், ஒரு வாடகை வானும், இரண்டு மூன்று கூடாரங்களும் போதும். இந்த வாரம் வாசகர்களை அத்தகையதொரு பயணத்துக்கு அழைக்கின்றோம்.

முதலில் தொலைதூர நாடொன்றில் மக்கள் இத்தகைய பயணத்தை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்போம். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அலாஸ்கா என்னும் குளிர்நிலம் உள்ளது. அங்கே அங்கரேஜ் நகரத்துக் குடும்பங்கள் கோடை விடுமுறை வந்ததும் கூடாரம், கம்பளி, சமையற் சாமான்கள் யாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சீவர்ட் என்னும் துறைமுகப் பட்டினத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வழியில் ஆற்றோரத்தில் கூடாரமடித்துத் தங்குவார்கள். சீவர்ட்டில் படகேறி, கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவின் கரையோரமாகச் சென்று, திமிங்கிலங்களையும் கடற்சிங்கங்களையும் கடற்பறவைகளையும் கண்டு மகிழ்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் காணச் செல்வது பனியாற்றையே.

பனியாறு என்பது யாது? ஆண்டுதோறும் மலைமேல் விழும் பனி உருகித் தீராமல் அடுக்கடுக்காக அழுந்தி, கல்லைப்போல் இறுகி, தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல மெல்ல நகர்ந்து இறங்குகிறது. அது கடலைத் தொடும் இடத்தில் பெரும் பாளங்களாக உடைந்து, இடிமுழக்கத்தோடு நீரில் விழும். நம் புராணங்கள் போற்றும் கங்கையும் இத்தகைய பனியாறு ஒன்றின் வாயிலிருந்தே பிறக்கிறது. இமயத்தில் அதற்குக் கங்கோத்திரி என்று பெயர். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுடையது. மாரியில் விழுவதைச் சேர்த்து வைத்துக் கோடையில் கொடுக்கும் களஞ்சியமே பனியாறு.

சீவர்ட் நகரத்துக்கு அருகே வண்டியிலேயே சென்று காணக்கூடிய பனியாறு ஒன்றும் உண்டு. எக்சிற் பனியாறு என்பது அதன் பெயர். அதை நோக்கிச் செல்லும் பாதையோரத்தில் சிறு சிறு பலகைகள் நாட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஆண்டு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அந்த ஆண்டில் பனியின் விளிம்பு அந்த இடத்தில் நின்றது என்பது பொருள். தந்தையின் கையைப் பிடித்து நடக்கும் குழந்தை, தாத்தாவின் காலத்துப் பலகையைக் கடந்து, தந்தையின் காலத்துப் பலகையையும் கடந்து, இன்னும் வெகுதூரம் நடந்தால்தான் பனியைக் காண முடிகிறது. உலகம் வெப்பமுறுவதால் களஞ்சியம் சுருங்குகிறது என்பதை அந்தப் பலகைகள் ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்துகின்றன. 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவும் அவ்வழியே நடந்து சென்று அவற்றைக் கண்டார்.

நம் நாட்டிலோ பனியாறு இல்லை. மிக உயர்ந்த பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். உறைபனி சில அதிகாலைகளில் புல்லின்மேல் வெண்மையாகப் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். எனினும் களஞ்சியம் நமக்கும் உண்டு. அது மலையுச்சிக் காடு. ஹோட்டன் சமவெளியில் குட்டையாக வளைந்து நிற்கும் மரங்கள் மூடுபனியை இலையாலும் பாசியாலும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்துக்குள் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கே தலைநீர் உண்டு. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தச் சமவெளி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அலாஸ்காவில் பனி செய்யும் வேலையை இங்கே காடு செய்கிறது. ஆகவே பனியாற்றைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் ஊர் பஸ் ஓடும் வீதியே நம்மை அதனிடம் அழைத்துச் செல்லும்.

அந்த வீதி ஏ 4 வீதி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாக மலையடிவாரத்தைச் சுற்றி, வெல்லவாய, மொனராகலை கடந்து, கிழக்குக் கடற்கரையில் பொத்துவிலைத் தொட்டு, மட்டக்களப்பில் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். இரத்தினபுரித் தோட்டத்துப் பிள்ளை நாள்தோறும் பள்ளிக்கு நடக்கும் வீதியும் மட்டக்களப்புப் பிள்ளை சைக்கிளில் செல்லும் வீதியும் ஒன்றேயாக இருக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் நாள் இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை கடந்து பெலிஹுல்ஓயாவில் இறங்கலாம். ஹோட்டன் சமவெளியில் பேக்கர் அருவியாக விழும் அதே ஓடைதான் இங்கே கருங்கற்களிடையே பாய்ந்து வருகிறது. சப்ரகமுவப் பல்கலைக்கழகமும் இங்கேயே அமைந்துள்ளது. வீட்டில் உயர்தரம் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் அதன் வாசலையும் காட்டிவிட்டு வாருங்கள். ஆற்றோரத்தில் கூடாரமடிக்க அனுமதியுள்ள இடங்கள் உண்டு. ஆனால் நீர் விளிம்பில் அடிக்க வேண்டா. இங்கே வானம் தெளிவாயிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை திடீரென வெள்ளமாக இறங்கும்.

ஆனி, ஆடி மாதங்களில் இப்பக்கம் வீசும் காற்றுக்குக் கூடார முளைகளை ஆழமாக அடிக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு ஒரு பழங்கதை உண்டு, அது கற்பனையன்று. சமனலவெவப் பகுதியின் சரிவுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இரும்பு உருக்கியோர், உலைகளை மேற்கு நோக்கி அமைத்து, துருத்தி இன்றியே பருவக்காற்றால் தீயை மூட்டினர். கில்லியன் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் அத்தகைய உலையை மீண்டும் கட்டி இரும்பு உருக்கிக் காட்டி, 1996இல் அதை உலகறியச் செய்தார். இரவில் கூடாரத்துணி படபடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இதனினும் நல்ல கதை வேண்டுமோ?

பெலிஹுல்ஓயாவும் வளவை கங்கையும் கூடுமிடத்தில் 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட சமனலவெவ அணை உள்ளது. நீர் நிரப்பத் தொடங்கிய காலத்திலேயே அதன் வலக்கரை மலையினூடே நீர் கசியத் தொடங்கிற்று. அடைக்கப் பல முயற்சிகள் செய்தும் கசிவு முற்றாக நிற்கவில்லை. கசியும் நீரும் வளவையிலேயே சேர்ந்து கீழுள்ளோர்க்குப் பயன்படுகிறது. மலை தன் விருப்பப்படி நடக்கும் என்பதற்கு இது முதற் பாடம். முதலிரவில் நீங்கள் கால் நனைத்த இந்த நீரை மறந்துவிடாதீர்கள். கடைசி நாளில் இதை வேறொரு கோலத்தில் காண்பீர்கள்.

இரண்டாம் நாள் கிழக்கு நோக்கிச் சென்றால், கலுப்பஹனைக்கு அருகே பம்பரகந்த அருவி. 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இலங்கையின் மிக உயர்ந்த அருவி இதுவே. இதுவும் வளவையின் கிளை நீரே. அதைக் கடந்து ஹல்துமுல்லையைத் தாண்டினால் காற்றே மாறுவதை உணரலாம். நம் பக்கத்துக்கு வைகாசி முதல் பெய்யும் தென்மேல் பருவமழை மெல்ல மெல்லப் பின்னால் நின்றுவிடுகிறது. இனி வருவது ஐப்பசிக்குப் பின் மழை பெறும் நாடு. புல்லின் நிறம் மாறுகிறது. வீட்டுக் கூரையின் சாய்வுகூட மாறுகிறது.

அடுத்து கொஸ்லந்தை. இங்கே வண்டியைச் சற்று நிறுத்துங்கள். இவ்வூருக்கு மேலே உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்குச் சென்றிருந்த வேளை. திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். 2016 மே மாதத்தில் நம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரியிலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் இதே துயரம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

உல்லாசப் பயணத்தில் இதைச் சொல்வானேன் என்று தாய்மார்கள் வருந்தலாம். அலாஸ்காவில் ஆண்டுப் பலகைகளை நாட்டியவர்கள் குழந்தைகளை அழவைக்க நாட்டவில்லை. பார்க்கப் பழக்கவே நாட்டினார்கள். நம் மலைகளில் பலகைகள் இல்லை, வடுக்கள் இருக்கின்றன. பசுமைக்கு நடுவே செந்நிறமாகத் தெரியும் சரிவு ஓர் ஆண்டுப் பலகை. காட்டை வெட்டிக் கோப்பி நட்டு, கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்ட ஒவ்வொரு செங்குத்துச் சரிவும் ஓர் ஆண்டுப் பலகை. களஞ்சியமாகிய காடு நீங்கினால், மலை நீரைத் தாங்கி வைத்துக் கொடுக்கும் தன்மையை இழந்து, ஒரே நாளில் கொட்டிவிடுகிறது. பனியாறு சுருங்கும் செய்தியும் லயம் புதையும் செய்தியும் ஒரே நூலின் இரு பக்கங்கள்.

கொஸ்லந்தையைக் கடந்ததும் வீதியிலிருந்தே தெரியும் தியலும அருவி, 220 மீற்றர். இதன் நீர் வளவைக்குச் செல்லாமல் கிரிந்தி ஓயாவோடு சேர்ந்து வேறு வழியாகத் தென்கடலை அடைகிறது. ஒரு முகட்டின் இப்புறம் விழும் துளிக்கு ஒரு கதி, அப்புறம் விழும் துளிக்கு ஒரு கதி. மாணவர்கள் புவியியல் புத்தகத்தில் நீரேந்து பரப்பு என்று படிப்பதை இங்கே கண்ணால் காணலாம். இரவு வெல்லவாயவிலோ மொனராகலையிலோ தங்கலாம்.

மூன்றாம் நாள் புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக இங்கினியாகலை. அங்கேதான் படகு காத்திருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவாகி, முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் தாங்கி நிற்கும் சேனாநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அதைச் சூழ்ந்த காடு 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்காவாயிற்று. 1956 ஜூன் மாதத்தில் இக்குடியேற்றப் பகுதியில் தமிழர் உயிர்கள் பலியான துயரத்தையும் மூத்த தலைமுறையினர் அறிவர். அழகிய இடம் என்பதால் அதன் வரலாறும் அழகாகவே இருக்கும் என்று எண்ண வேண்டா. இரண்டையும் அறிந்தே பார்ப்பது வளர்ந்தவர்க்கு அழகு.

மற்றப் பூங்காக்களில் ஜீப் வண்டியில் ஏறித் தூசியில் குலுங்கிச் செல்கிறோம். இங்கே நீரின்மேல் அமைதியாகச் செல்கிறோம். நீர்மட்டம் உயர்ந்தபோது குன்றுகள் பல தீவுகளாக நின்றுவிட்டன. ஒரு தீவின் புல் தீர்ந்ததும் யானைகள் அடுத்த தீவுக்கு நீந்துகின்றன. உடல் முழுதும் மூழ்கியிருக்க, தும்பிக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே குழாய்போல் நீண்டு மூச்சிழுக்கும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். யானை நீந்துவதில் எத்தகைய வல்லமை உடையது என்பதற்கு ஒரு சான்று: 2017 ஜூலை மாதத்தில் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து பல மைல் தொலைவில் கடலில் தத்தளித்த யானையொன்றைக் கடற்படையினர் கயிறு கட்டி மீட்டுக் கரைசேர்த்தனர். பறவைத் தீவு என்றழைக்கப்படும் தீவில் நீர்க்காகங்களும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. அலாஸ்காப் படகில் குளிர்காப்புச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு திமிங்கிலத்தைத் தேடுகிறார்கள். நாம் தொப்பியோடு வெயிலில் யானையைத் தேடுகிறோம். தேடலின் மகிழ்ச்சி இரண்டிலும் ஒன்றே.

பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை. படகுக்கும் பூங்காவுக்குள் கூடாரமடிப்பதற்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். யானை திரியும் நாட்டில் குறிக்கப்பட்ட இடத்திலன்றி வேறெங்கும் தங்கலாகாது. வாழைப்பழம் முதலிய பழங்களையும் உப்பையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்குதல் கூடாது. யானையின் மூக்கு நம் பூட்டுக்கும் துணிக்கும் அடங்காது. படகில் கூச்சலிடுவதும் குப்பையை நீரில் எறிவதும் விருந்தினர் வீட்டில் செய்யத் தகாத செயல்கள்.

நான்காம் நாள் திரும்பும் வழி வேறு. வந்த வழியே வெல்லவாய வரை வந்து, அங்கிருந்து தெற்கே தனமல்வில சென்று மேற்கே திரும்பினால் உடவளவை. 1960களில் அணை கட்டப்பட, 1972ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி சுற்றியுள்ள 30,821 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மீன்பிடிக் கழுகோ நீர்க்காகமோ சிறகு விரித்து அமர்ந்திருக்கும். அவையும் ஆண்டுப் பலகைகளே.

இங்கே யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் இல்லமொன்று 1995 முதல் நடந்து வருகிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு நாளில் பலமுறை பாலூட்டி, தக்க வயது வந்ததும் மீண்டும் காட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். பார்வையாளர் தொலைவில் நின்றே பார்க்க வேண்டும். தொடவோ உணவளிக்கவோ இயலாது. நம் கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975இல் தொடங்கிய சரணாலயத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கே யானைகள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மனிதரிடையே வளர்கின்றன. இரண்டையும் பார்த்த பிள்ளைகளிடம், "உனக்கு எது சரியாப் படுது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதில் பெரியவர்களையும் சிந்திக்க வைக்கும். அணைக்கட்டு வீதியோரத்து மின்வேலியில் வந்து நிற்கும் யானைக்குப் பழம் நீட்டும் பழக்கத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். வீதியில் கையேந்தப் பழகிய யானை ஒருநாள் வீதியிலேயே மாளும், அல்லது மனிதரை மாய்க்கும்.

இனி அந்தப் பழைய நீரை நினைவுகூருங்கள். முதலிரவில் பெலிஹுல்ஓயாவில் பிள்ளைகள் கால் நனைத்த நீர், சமனலவெவயில் தேங்கி, மின்சாரம் தந்து, வளவையில் இறங்கி, இந்த உடவளவையில்தான் வந்து சேர்கிறது. யானை குடிப்பது அதுவே. வாய்க்கால்களில் பிரிந்து எம்பிலிப்பிட்டியப் பக்கத்து நெல்வயலையும் வாழைத்தோட்டத்தையும் நனைப்பதும் அதுவே. எஞ்சியது அம்பலாந்தோட்டையில் கடலைச் சேர்கிறது. வயலோர் மொழியில் முதலில் நீர் பெறும் இடம் தலைமடை. கடைசியில் பெறும் இடம் கடைமடை. பலாங்கொடை மலைத்தோட்டங்கள் வளவையின் தலைமடை. அங்கே வாழ்பவர் தலைமடையார். களனிக்கும் மாஓயாவுக்கும் அவ்வாறே கேகாலைத் தோட்டங்கள் தலைமடை. ஆனால் தலைமடையில் இருந்தும் கடைமடையைக் கண்டதில்லை. கடைமடையில் இருப்போரும் நம்மைக் கண்டதில்லை. ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நீரைக் குடித்து வருகிறோம்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பயணம் என்னும் சொல் தோட்டத்து மக்களுக்கு நெடுங்காலம் மகிழ்ச்சியின் சொல்லாக இருந்ததில்லை. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தது முதற் பயணம். வழியிலேயே மாண்டவர் பலர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்த இரண்டாம் பயணம் அது. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. ஏவப்பட்டுச் சென்ற பயணங்கள் அவை. தானே விரும்பி, பிள்ளைகளோடு, இது என் நாடு, இதன் ஆற்றைப் பார்க்கப் போகிறேன் என்று புறப்படும் பயணம் மூன்றாவது. அடையாள அட்டை ஒருவரைக் குடிமகன் என்று எழுதிக் காட்டுகிறது. நாட்டைக் கண்டு வருவதே அதை மனத்தில் எழுதுகிறது.

செலவுக்கு என்ன செய்வது என்னும் கேள்வி நியாயமானதே. வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை யாம் மறக்கவில்லை. மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானை அமர்த்தினால் பாரம் குறையும். கூடாரங்களைப் பள்ளிச் சாரணர் குழுவிடம் இரவல் கேட்கலாம். அரிசி, பருப்பு, கருவாடு, தேயிலைத்தூள் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டு சென்றால் கடைச் சாப்பாடு வேண்டியதில்லை. நான்கு இரவும் இயலாதவர் ஓரிரவு பெலிஹுல்ஓயாவில் தங்கி, மறுநாள் பெல்மதுளை வழியாக உடவளவை சென்று மாலைக்குள் வீடு திரும்பலாம். நீரின் இரு முனைகளையும் கண்டால் போதும்.

ஒரு பொருளை மட்டும் தவறாமல் கொண்டு செல்லுங்கள்: ஒரு குறிப்புப் புத்தகம். அருவியின் பெயர், அணையின் ஆண்டு, சரிவின் நிறம், கண்ட பறவை யாவற்றையும் பிள்ளைகள் எழுதட்டும். ஊர் திரும்பியபின் அதே புத்தகத்தில் மற்றொரு பணியைத் தொடங்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே வேளையில் அதில் நின்ற நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். அதுவே மழைமானி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 கடந்தால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 கடந்தாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ, சரிவில் உள்ள வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குக் கையாளும் அளவுகள் இவை. சுவரில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகவும் காத்திராதீர்கள்.

அலாஸ்காவின் பிள்ளைகளுக்கு ஆண்டுப் பலகைகளை அரசு நாட்டிக் கொடுத்தது. நம் பிள்ளைகள் தம் பலகைகளைத் தாமே எழுதத் தொடங்கட்டும். ஆற்றின் முடிவைக் கண்டுவந்த பிள்ளை அதன் தொடக்கத்தை அலட்சியமாகப் பார்க்காது. மழை பெய்யும் இரவில் அந்தப் பிள்ளை டப்பாவை எட்டிப் பார்த்து, "அம்மா, நூறைத் தாண்டிருச்சு, எழும்புங்க" என்று சொல்லும் ஒரு வேளை வருமானால், அந்தப் பயணத்துக்குச் செலவழித்த பணம் பன்மடங்காகத் திரும்பிவிட்டது என்று கொள்க.